டாக்வுட் மரம் நலியும்போது: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில், ஓக், ஹிக்கரி போன்ற பெருமரங்கள் முழுதாகத் தழைப்பதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில் தட்டுத்தட்டாக வெண்மை பூண்டு நிற்கும் சிறு மரம் பூக்கும் டாக்வுட். தாவரவியலில் இதன் பெயர் கார்னஸ் ஃப்ளோரிடா. மெய்ன் மாநிலத்தின் தென்பகுதி முதல் ஃப்ளோரிடாவின் வடபகுதி வரையிலும், மேற்கே கிழக்கு டெக்சஸ் வரையிலும் இது இயல்பாக வளர்கிறது. மெக்சிகோவின் கிழக்கு மலைகளிலும் இதன் துணையினம் ஒன்று உண்டு. வர்ஜீனியாவும் வட கரோலினாவும் இதன் பூவைத் தத்தம் மாநில மலராக ஏற்றுள்ளன. மிசூரி 1955இல் இதனைத் தன் மாநில மரமாக அறிவித்தது. நம் ஊர்ப் புறம்போக்குகளிலும் கோயில் காடுகளிலும் நிற்கும் அழிஞ்சில் மரத்தை இன்றைய வகைப்பாட்டில் இதே கார்னேசியே குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

நியூ ஜெர்சியிலும் வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, முன்பு இருந்தவர்கள் நட்ட டாக்வுட் மரம் ஒன்று வீட்டோடு சேர்ந்தே கைக்கு வருகிறது. சில ஆண்டுகள் கழித்து அது பூப்பதைக் குறைத்துக்கொள்ளும், அல்லது அதன் கீழ்க்கிளைகள் காயும். உடனே மருந்துக் கடைக்கு ஓடத் தோன்றும். இந்த மரத்தின் நோய்களில் பெரும்பகுதி, காட்டோரத்தில் வாழப் பிறந்த ஒரு மரத்தை வெட்டவெளிப் புல்தரையின் நடுவில் நிறுத்தியதால் வருபவை என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே கீழ்க்கண்ட வழிமுறையில் ஒவ்வோர் அறிகுறிக்கும் மருந்தைவிட இடத்துக்கும் மண்ணுக்கும் நீருக்கும் முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

அறிகுறியைப் பார்க்கும் முன்: நிற்பது எந்த டாக்வுட்?

தோட்டங்களில் டாக்வுட் என்ற பெயரில் நிற்பவை அனைத்தும் இந்த மண்ணின் மரங்கள் அல்ல. கிழக்காசியாவிலிருந்து வந்த கூஸா டாக்வுட் மிகப் பரவலாக நடப்படுகிறது. இரண்டையும் கலந்து உருவாக்கிய கலப்பின மரங்களும் உண்டு. எது என்று தெரியாமல் நோயைத் தேடினால் வழி தவறிவிடும்.

இலையைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. டாக்வுட் வகைகள் பெரும்பாலானவற்றில் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பக்க நரம்புகள் ஓரத்தை நோக்கிச் சென்று, அங்கே முடியாமல், நுனியை நோக்கி வளைந்து ஓடும். ஓர் இலையைக் குறுக்கே மெல்லக் கிழித்து இரு பாதிகளையும் நிதானமாக விலக்கினால், நரம்புகளிலிருந்து சிலந்தி நூல் போன்ற வெண்ணிற இழைகள் நீண்டு, கீழ்ப்பாதி காற்றில் தொங்கும். இது டாக்வுட் என்பதை உறுதிசெய்யும். எந்த டாக்வுட் என்பதைச் சொல்லாது.

அதற்குப் பூவையும் காயையும் பட்டையையும் பார்க்க வேண்டும். பூவிதழ் என்று நாம் நினைக்கும் நான்கு வெண்ணிறப் பகுதிகள் உண்மையில் பூவடிச்செதில்கள். மெய்யான பூக்கள் அவற்றின் நடுவே பசுமஞ்சள் நிறத்தில் சுமார் இருபது சிறு மொட்டுகளாகக் குவிந்திருக்கும். கார்னஸ் ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு பூவடிச்செதிலின் நுனியிலும் கிள்ளியெடுத்தது போன்ற ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தின் விளிம்பு சற்றுப் பழுப்பேறியும் இருக்கும். கூஸாவில் நுனி கூராக முடியும். ஃப்ளோரிடா இலை விரிவதற்கு முன்போ அதனோடு சேர்ந்தோ பூக்கும், கூஸாவோ இலைகள் முழுதாக விரிந்த பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் பிந்திப் பூக்கும். ஃப்ளோரிடாவின் பழங்கள் பளபளப்பான சிவப்பு நிறத்தில் தனித்தனியாகக் கொத்தாக நிற்கும். கூஸாவின் பழம் பல ஒன்றுகூடிய உருண்டையாக, நீண்ட காம்பில் தொங்கும். முதிர்ந்த ஃப்ளோரிடாவின் பட்டை முதலைத் தோல் போலச் சிறு சதுரங்களாக வெடித்திருக்கும். கூஸாவின் பட்டை வழவழப்பாகச் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் பல நிறத் திட்டுகளைக் காட்டும்.

மரம் கூஸாவாக இருந்தால் கீழே சொல்லப்படும் பூஞ்சாண நோய்களில் பல அதனைப் பெரிதும் வருத்தா. அதனால்தான் நர்சரிகள் அதனை விரும்பி விற்கின்றன. ஆனால் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் அது தரும் பயன் மிகக் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

எந்த அறிகுறியாயினும் முதலில் செய்ய வேண்டியது

மண்டியிட்டு அடிமரத்தைப் பாருங்கள். தண்டு தரையைத் தொடும் இடத்தில் அது வேராக விரிந்து அகல வேண்டும். அந்த வேர்க்கழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பத்தை மண்ணில் நட்டதுபோல் நேராகத் தரைக்குள் இறங்கினால், மரம் ஆழமாக நடப்பட்டிருக்கிறது, அல்லது மரச்சீவல் மூடாக்கு அதன்மேல் மேடாகக் குவிக்கப்பட்டிருக்கிறது. கையால் அந்த மூடாக்கை விலக்கி, ஈரத்தில் ஊறிய பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பசுமையும் வெண்மையும் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது, காப்பி நிறத்தில் மெத்தென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அடுத்து, தண்டைச் சுற்றிலும் புல்வெட்டி இயந்திரமோ நைலான் கயிறு சுழலும் ட்ரிம்மரோ ஏற்படுத்திய காயம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு எழுந்து நின்று, பிற்பகல் இரண்டு மணி வெயில் மரத்தின்மேல் எப்படி விழுகிறது என்பதையும், மழை பெய்த மறுநாள் அதன் அடியில் நீர் தேங்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இந்த மரத்தின் வேர்கள் ஆழம் செல்லாதவை. காட்டில் இலைச்சருகு மூடிய, ஈரமும் வடிகாலும் சேர்ந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணில், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் பெற்று வளர்ந்த பழக்கம் அதற்கு. பெரும்பாலான தோட்டங்களில் இதற்கு நேர்மாறான வாழ்க்கையைத்தான் அதற்குக் கொடுத்திருக்கிறோம்.

அறிகுறி: மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் பூக்கவில்லை

மரத்தின் வயதை முதலில் எண்ணுங்கள். விதையிலிருந்து வளர்ந்த மரம் பூக்கப் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்றுகள் சீக்கிரமாகவே பூத்துவிடும். வயது வந்தும் பூக்கவில்லை எனில், கோடையின் இறுதியிலிருந்து குளிர்காலம் முழுவதும் கிளை நுனிகளைப் பாருங்கள். பூமொட்டு, சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக உருண்டு, குட்டையான காம்பின்மேல் நிற்கும். இலைமொட்டு மெலிந்து கூராக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மொட்டே இல்லையென்றால் காரணம் முந்தைய கோடையில் இருக்கிறது: மிகுந்த நிழல், கடும் வறட்சி, அல்லது புல்தரைக்குப் போட்ட தழைச்சத்து உரம் மரத்தின் வேருக்கும் சேர்ந்து போய் இலையை மட்டும் வளர்த்தது. மொட்டு இருந்து பின் காணாமற்போனால், ஆகஸ்டுக்குப் பின் யாரோ கவாத்து செய்திருக்கலாம், அல்லது எட்டும் உயரத்திலுள்ள நுனிகளை வெண்வால் மான்கள் குளிர்காலத்தில் கடித்திருக்கலாம். மான் கடித்த குச்சி கத்தரித்ததுபோல் இராது, கிழிந்து நார்நாராக இருக்கும். மொட்டு இருந்தும் வசந்தத்தில் விரியாமல் உள்ளே கருகியிருந்தால், கடுங்குளிர் அதனைக் கொன்றுவிட்டது. நகத்தால் பிளந்து பார்த்தால் உயிருள்ள மொட்டின் உட்புறம் பச்சையாகவும், இறந்தது பழுப்பாகவும் இருக்கும். தென்மாநில விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை வடக்கே நட்டால் இது அடிக்கடி நேரும். ஆகவே நீங்கள் இருக்கும் பகுதியில் திரட்டிய விதையிலிருந்து வளர்ந்த கன்றையே கேட்டு வாங்குவது நல்லது.

அறிகுறி: பூக்கிறது, ஆனால் பழம் பிடிக்கவில்லை

இது நோயன்று, துணையின்மை. கார்னஸ் ஃப்ளோரிடா பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. மரபில் வேறுபட்ட இன்னொரு மரம் அருகில் இருக்க வேண்டும். பெயரிட்ட ஒரே ரகத்தில் இரண்டை வாங்கி நட்டாலும் பயனில்லை, ஏனெனில் அவை ஒரே மரத்தின் ஒட்டுகள். விதைக்கன்று ஒன்றை நட்டால் போதும். அடுக்குப்பூ ரகங்கள் பொதுவாகக் காய்ப்பதில்லை. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்வின் ஆர்ட்டன் உருவாக்கிய ஃப்ளோரிடா-கூஸா கலப்பினங்கள் நோயைத் தாங்குவதில் சிறந்தவை என்றாலும், அவை ஏறக்குறைய மலடானவை.

பழத்தைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கி வலசை போகும் பறவைகளுக்குச் சர்க்கரையைவிடக் கொழுப்பே வேண்டும். டாக்வுட் பழம் கொழுப்பு மிகுந்தது. அமெரிக்க ராபின், மரத் த்ரஷ், நீலப்பறவை, சீடர் வாக்ஸ்விங், கார்டினல், காட்டு வான்கோழி எனப் பல பறவைகளும், அணில் முதலிய விலங்குகளும் இதனை உண்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் பழம் பழுத்து, இலைகளும் செங்கருநிறம் கொள்ளும்போது, மரம் தொலைவிலிருந்தே பறவைகளின் கண்ணில் படுகிறது. அந்த நிறமே பறவைகளை அழைக்கும் குறி என்று கருதும் உயிரியலாளர்களும் உண்டு. மனிதர்களுக்கோ இந்தப் பழம் கசக்கும், வயிற்றுக்கும் ஒத்துவராது. குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். கூஸாவின் பழம் இனிப்பானது, மனிதர் உண்ணத்தக்கது. ஆனால் அது ஆசியாவில் குரங்குகளுக்கேற்ப வளர்ந்த பழம் என்பதே பரவலான கருத்து. இங்குள்ள சிறு பறவைகளின் வாய்க்கு அது பெரிது.

அறிகுறி: ஜூலை, ஆகஸ்டில் இலை ஓரம் கருகுகிறது, இலைகள் சுருண்டு தொங்குகின்றன

கருகல் இலையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே சீராக வந்து, புள்ளியோ ஊதா விளிம்போ இல்லாமல் இருந்தால் அது வறட்சி. வெயில் படும் தெற்கு, மேற்குப் பக்கங்களில் அதிகமாகவும், கல் சுவர், கான்கிரீட் பாதை ஆகியவற்றின் அருகே மிக மோசமாகவும் தெரியும். வாரத்துக்கு ஓர் அங்குல மழைக்கு நிகரான நீரை, கிளைப்பரப்பின் விளிம்பு வரை, மெதுவாக மண் ஊறும்படி விடுங்கள். தினந்தோறும் சிறிது தெளிப்பதால் வேர் மேலேயே நின்றுவிடும். இலைகளின்மேல் நீர் படக் கூடாது. புல்தரைத் தெளிப்பான் டாக்வுட்டின் இலைகளை நனைக்குமாறு அமைந்திருந்தால் அதனைத் திருப்பி வையுங்கள், பின்னால் வரும் இரண்டு ஆந்த்ராக்னோஸ் (இலையிலும் பூவிலும் புள்ளியிடும் பூஞ்சாண) நோய்களுக்கும் அந்த ஈரமே வாசல்.

மூடாக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் போதும். தண்டிலிருந்து ஒரு கைப்பிடி அகலம் விலக்கி, வெளியே எவ்வளவு தொலைவு பரப்ப இயலுமோ அவ்வளவு பரப்புங்கள். இதற்கு மரத்தின் சொந்தச் சருகைவிடச் சிறந்தது எதுவுமில்லை. டாக்வுட் இலையில் சுண்ணச்சத்து மிகுதி; ஓக் இலையைவிடப் பன்மடங்கு விரைவாக மக்கி, மண்ணிலிருந்து வேர் இழுத்த சுண்ணத்தை மேல்மண்ணுக்கு அது திருப்பித் தருகிறது. அமிலத்தன்மை மிகுந்த அப்பலாச்சியக் காடுகளில் நத்தைகளும் மரவட்டைகளும் அவற்றைத் தின்னும் பறவைகளும் ஓட்டுக்கும் முட்டைக்கும் வேண்டிய சுண்ணத்தை இவ்வழியாகவும் பெறுகின்றன. நோயற்ற மரத்தின் சருகைப் பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பது அந்தச் சுழற்சியை வெட்டுவதாகும். மரத்தில் ஆந்த்ராக்னோஸ் இருக்கும்போது மட்டும் சருகைக் கட்டாயம் அப்புறப்படுத்த வேண்டும்.

அறிகுறி: இலையில் வெண்பொடி, இளம் இலைகள் சுருங்கிச் சிவக்கின்றன

இது சாம்பல் நோய். எரிசிஃபி பல்க்ரா என்ற பூஞ்சாணத்தால் வருகிறது. 1990களின் நடுப்பகுதியிலிருந்துதான் கிழக்கு மாநிலங்களில் இது பெருந்தொல்லையாகியது. வெண்பொடி எப்போதும் தெளிவாகத் தெரியாது; சில மரங்களில் இலை சற்று நரைத்தாற்போல் மட்டும் இருந்து, பின் முறுகி, கோடையின் நடுவில் செம்பழுப்புத் திட்டுகள் தோன்றும். அதை வறட்சி என்று எண்ணிவிடுவோர் பலர். இலையின் மேற்புறத்தை விரலால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள்: பொடி விரலில் ஒட்டினால் சாம்பல் நோய்.

வளர்ந்த மரத்தை இது கொல்வதில்லை, அடுத்த ஆண்டுப் பூவைக் குறைக்கும். காற்றோட்டம் கிடைக்கும்படி உட்புறக் குச்சிகளைக் களைவதும், தழைச்சத்து உரத்தை நிறுத்துவதும், நீரைச் சீராகக் கொடுப்பதும் போதுமானவை. நட்டு ஓரிரு ஆண்டுகளே ஆன கன்றுக்கு மட்டும் மருந்து தெளிப்பதில் பொருளுண்டு. புதிதாக நடுவோர் டென்னசி பல்கலைக்கழகம் தெரிந்தெடுத்து வெளியிட்ட ஜீன்ஸ் அப்பலாச்சியன் ஸ்னோ, கேஸ் அப்பலாச்சியன் மிஸ்ட், காரென்ஸ் அப்பலாச்சியன் பிளஷ் ஆகிய ரகங்களைக் கேட்டு வாங்கலாம். இவை சாம்பல் நோயைத் தாங்குபவை. செரோக்கி பிரேவ் என்ற செம்பூ ரகமும் ஓரளவு தாங்கும்.

அறிகுறி: இலையிலும் பூவிலும் புள்ளிகள்

இந்த அறிகுறியில்தான் மிகுந்த நிதானம் வேண்டும். ஏனெனில் ஏறக்குறைய ஒரே பெயர் கொண்ட இரு நோய்களில் ஒன்று அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும், மற்றது மரத்தையே கொல்லும்.

வசந்தத்தில் வெண்ணிறப் பூவடிச்செதில்களின்மேல் குண்டூசித் தலையளவு செவ்வூதாப் புள்ளிகள் நிறைய விழுந்து, செதில்கள் கோணலாக விரிந்து, பின் இளம் இலைகளிலும் அதே சிறு புள்ளிகள் தோன்றினால், அது எல்சினோயி கார்னி பூஞ்சாணம் உண்டாக்கும் புள்ளி ஆந்த்ராக்னோஸ். மழை மிகுந்த வசந்தங்களில் வரும், வறண்ட ஆண்டில் மறையும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இலைப்புள்ளி அதைவிடப் பெரிதாக, நடுவில் மரப்பழுப்பும் சுற்றிலும் ஊதா வளையமுமாக இருந்து, ஓரத்திலிருந்தும் நரம்பை ஒட்டியும் பெருந்திட்டுகளாகப் பரவுமானால், அடுத்து கீழ்க்கிளைகளைப் பாருங்கள். டிஸ்குலா டெஸ்ட்ரக்டிவா உண்டாக்கும் டாக்வுட் ஆந்த்ராக்னோஸ் கீழிருந்து மேல் ஏறும் நோய். குளிர்ந்த, ஈரமான வானிலையில் இலைகள் முழுதாகக் கருகி, உதிராமல் குச்சியிலேயே தொங்கி, குளிர்காலம் முழுவதும் அப்படியே நிற்கும். மற்ற மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும் ஜனவரியில், டாக்வுட்டின் கீழ்க்கிளைகளில் மட்டும் காய்ந்த இலைகள் ஆடிக்கொண்டிருந்தால் அது உறுதியான எச்சரிக்கை. இலையிலிருந்து காம்பு வழியே குச்சிக்கும், குச்சியிலிருந்து கிளைக்கும் நோய் செல்லும். நலிந்த மரம் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் நீர்ப்போத்துகளைக் கூட்டமாக விடும். அந்த இளந்தளிர்களை எளிதில் பற்றும் பூஞ்சாணம், அவற்றின் வழியே அடிமரப் பட்டைக்குள் புகுந்து புண்ணாக்கும். புண்கள் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் மரம் முடிந்தது. காட்டு நிழலில் நிற்கும் மரம் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே இறந்துவிடக்கூடும். நாற்றுகள் ஒரே பருவத்தில் போய்விடும்.

இந்த நோய் 1970களின் பிற்பாதியில் ஒருபுறம் பசிபிக் கரையோர மாநிலங்களிலும், மறுபுறம் நியூயார்க், கனெக்டிகட் பகுதிகளிலும் முதலில் கண்டறியப்பட்டது. காரணமான பூஞ்சாணத்துக்கு 1991இல்தான் பெயரிடப்பட்டது. வேறு கண்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. 1980களின் இறுதிக்குள் அப்பலாச்சிய மலைத்தொடர் வழியாக ஜார்ஜியா வரை இறங்கிவிட்டது. மேரிலாந்தின் கடாக்டின் மலைப் பூங்காவில் டாக்வுட் மரங்களில் மிகப் பெரும்பகுதி மடிந்தது. அந்தப் பேரழிவில் தப்பி நின்ற மரமொன்றிலிருந்து பெருக்கியதுதான் டென்னசி பல்கலைக்கழகம் வெளியிட்ட அப்பலாச்சியன் ஸ்பிரிங் என்ற ரகம். இன்று ஆந்த்ராக்னோஸைத் தாங்கும் ஃப்ளோரிடா வேண்டுமென்றால் முதலில் சொல்லத்தக்க பெயர் அதுவே.

உங்கள் மரத்தில் இதனைக் கண்டால், இறந்த குச்சிகளையும் புண்பட்ட கிளைகளையும் நல்ல திசு தெரியும் வரை, உலர்ந்த நாளில் வெட்டுங்கள். நீர்ப்போத்துகளைக் கோடையில் அடியோடு நீக்குங்கள். குச்சியில் தொங்கும் இலைகளையும் தரையில் விழுந்தவற்றையும் திரட்டி அகற்றுங்கள். மேலே கவிந்த பெருமரத்தின் ஒன்றிரண்டு கிளைகளை நீக்கி ஒளியும் காற்றும் வர வழிசெய்யுங்கள். வெயிலிலும் வெப்பத்திலும் இந்தப் பூஞ்சாணம் தளர்ந்துவிடுகிறது. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில், முன்பு தீப்பட்டுத் திறந்த காட்டுப் பகுதிகளில், தீப்படாத பகுதிகளைவிட டாக்வுட் அடர்த்தியாகத் தப்பி நிற்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மருந்து தேவைப்பட்டால், குளோரோதலோனில், மேன்கோசெப், புரோப்பிகோனசோல் ஆகியவற்றில் உங்கள் மாநிலத்தில் அனுமதி உள்ளதை, மொட்டு வெடிக்கும்போது தொடங்கி, இலைகள் முழுதாக விரியும் வரை 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும். அளவுக்கு லேபிளே சட்டம். கோடையில் நோய் முற்றிய பின் தெளிப்பது வீண். நோய் இதுதானா என்ற ஐயம் இருந்தால், உங்கள் மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கச் சேவைக்கு, நோயும் நலமும் சேர்ந்துள்ள குச்சியொன்றைக் காகிதத்தில் சுற்றி அனுப்புங்கள். முற்றிலும் காய்ந்த குச்சியில் அவர்களாலும் அதிகம் காண இயலாது. காட்டிலிருந்து நாற்றைப் பிடுங்கி வந்து நடுவதையும் கைவிடுங்கள். காட்டுக்கும் இழப்பு, தோட்டத்துக்கும் நோய்.

அறிகுறி: ஒரு கிளை மட்டும் கோடையிலேயே சிவக்கிறது, பட்டை உரிகிறது

மற்ற கிளைகள் பசுமையாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் ஜூலையில் இலையுதிர் கால நிறம் கொண்டால், அந்தப் பக்கத்துப் பட்டைக்கு அடியில் சாறோட்டம் தடைப்பட்டிருக்கிறது. அதே பக்கத்து அடிமரத்தில், தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்துக்குள், பட்டை தளர்ந்து, மரத்தூள் போன்ற செம்பழுப்புக் கழிவு உதிர்ந்திருந்தால் அது டாக்வுட் துளைப்பான். குளவி போலத் தோற்றமளிக்கும், கருநீல உடலில் மஞ்சள் வளையங்கள் கொண்ட ஒரு பகல்நேர அந்துப்பூச்சி, வசந்தத்தின் இறுதியிலிருந்து கோடை முழுவதும், பட்டையிலுள்ள காயங்களின் அருகே முட்டையிடுகிறது. வெண்ணிறப் புழு பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள உயிர்ப்படலத்தைத் தின்று வளர்கிறது. மரம் மிகவும் கடினமானது. ஒரு காலத்தில் நெசவாலைகளில் தறிக்குக் குறுக்கே ஓடும் நாடாக்களை இதிலிருந்துதான் கடைந்தார்கள், அவ்வளவு தேய்மானம் தாங்கும். ஆனால் அதன் பட்டை மெல்லியது, ட்ரிம்மரின் நைலான் கயிறு ஒரு சுற்றில் அதைக் கிழித்துவிடும்.

ஆகவே இதற்கான சிகிச்சை புல்தரையில் தொடங்குகிறது. தண்டைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாத வட்டத்தில் புல்லை நீக்கி மூடாக்கிடுங்கள். அந்த வட்டத்துக்குள் எந்த இயந்திரமும் வர வேண்டியதில்லை. தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இதை நேரில் நின்று ஒருமுறை சொல்லிவிடுவது அவசியம். தளர்ந்த பட்டையைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை வரை சீவிவிடுங்கள், தார் முதலிய பூச்சு எதுவும் வேண்டாம். பூச்சி பறக்கும் பருவத்தில் புதுக்காயம் இருக்கக் கூடாது என்பதால், வழக்கமான கவாத்தைக் குளிர்காலத்தின் இறுதியில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. சில பூமொட்டுகள் போகும், மரம் பிழைக்கும்.

நுனிக்குச்சியில் வரும் சிறு கோளாறுகள்

குச்சி நுனியில் அரை முதல் ஓர் அங்குல நீளத்துக்குக் கதிர் போன்ற வீக்கம் இருந்தால் அது ஒரு நுண்ணிய ஈயின் புழு உண்டாக்கிய கழலை. கோடை முடிவதற்குள், புழு வெளியேறும் முன், வெட்டி அழித்தால் போதும். கோடையில் நுனிக்குச்சி வாடித் தொங்கி, அதன் அடிப்பகுதியில் வரிசையாக ஊசித் துளைகள் தெரிந்தால் குச்சித் துளைப்பான் வண்டு. வாடிய பகுதிக்குக் கீழே சில அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பட்ட இலைப்பரப்பு மட்டும் மஞ்சளானால் மண் காரத்தன்மை கொண்டுள்ளது. சுண்ணச் சாந்துச் சுவரோரம் இது வரும். மண் பரிசோதனை செய்து, 5.5 முதல் 6.5 வரையிலான அமிலகார அளவுக்குக் கந்தகம் இட்டுக் கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: இலைகளில் ஓட்டைகள், மொட்டுகளில் புழு

இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஸ்பிரிங் அஷூர் என்ற சிறு நீல வண்ணத்துப்பூச்சி டாக்வுட்டின் பூமொட்டுகளில் முட்டையிடும். அதன் புழுக்கள் சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அவற்றைச் சூழ்ந்து காவல் நிற்கும். மொட்டுக்கொத்தின்மேல் எறும்புகள் ஓரிடத்தில் விலகாமல் நிற்பதைக் கண்டால், உற்றுப் பாருங்கள், அவற்றின் நடுவே மொட்டின் நிறத்திலேயே ஒரு சிறு புழு இருக்கக்கூடும். வட அமெரிக்க டாக்வுட் வகைகளின் இலையை உண்டு வளரும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்கள் நூறுக்கும் மேற்பட்டவை, இத்தகைய புழுக்கள் இல்லாமல் சிட்டுகளும் கார்டினல்களும் தம் குஞ்சுகளை வளர்க்க முடியாது. ஆண்ட்ரினா வகை மண்தேனீக்களும் இதன் பூக்களைத் தேடி வருகின்றன. இலையில் பத்திலொரு பங்கு போனாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பூச்சிக்கொல்லி தெளித்தால் மரம் வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். காட்டில் ஆந்த்ராக்னோஸ் கொண்டுபோன மரங்களின் வேலையை இன்று தோட்டத்து மரங்கள் ஓரளவேனும் செய்துவருகின்றன. அந்த வேலையை நாமே தடுத்துவிடக் கூடாது.

அறிகுறி: மரம் முழுவதும் ஒருசேர நலிகிறது

இலைகள் ஆண்டுதோறும் சிறுத்து, நிறம் வெளிறி, உச்சிக்கிளைகள் காய்ந்து, எந்தப் புள்ளியும் புழுவும் காணப்படவில்லை எனில், கோளாறு மண்ணுக்குள் இருக்கிறது. களிமண்ணில் நீர் தேங்கும் இடங்களில் ஃபைட்டோஃப்தோரா என்ற மண்வாழ் நுண்ணுயிர் வேர்க்கழுத்தை அழுகச் செய்யும். தண்டின் அடியில் பட்டை அமிழ்ந்து, கருமையாக நீர் கசியும். ஆழமாக நட்ட மரத்தில் வேர்கள் மேலேறி அடிமரத்தையே சுற்றி இறுக்கும். இளைய மரமென்றால், இலையுதிர்ந்த பின் வேர்க்கட்டியோடு தோண்டி எடுத்து, வேர்க்கழுத்து தரை மட்டத்துக்கு மேலே ஓர் அங்குலம் தெரியும்படி மேடான இடத்தில் மீண்டும் நடலாம். முதிர்ந்த மரத்தில் மேல்மண்ணை மெதுவாக அகற்றி, நெரிக்கும் வேர்களை ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டாக வெட்டி எடுக்க வேண்டும்; எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் மரம் தாங்காது. வீட்டு வேலைக்காக மரத்தடியில் மண் கொட்டியோ லாரி ஏற்றியோ மண்ணை இறுக்கியிருந்தால், அதன் விளைவு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும்.

அகற்றுவதா, வைத்திருப்பதா

அடிமரச் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை இறந்திருந்தால், அல்லது மேற்கிளைகளில் பாதி காய்ந்திருந்தால், சான்று பெற்ற மரவியலாளர் ஒருவரைக் கொண்டு அகற்றுவதே முறை. அதே குழியில் உடனே இன்னொரு டாக்வுட்டை நட வேண்டாம். சில அடிகள் தள்ளி, காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்திலோ பெருமரங்களின் ஓரத்திலோ, முழு வளர்ச்சியில் 15 முதல் 30 அடி உயரமும் ஏறக்குறைய அதே அகலமும் கொள்ளும் மரம் என்பதை நினைவில் வைத்து இடம் விடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக, அப்பலாச்சியன் ஸ்பிரிங் போன்ற தாங்குதிறன் கொண்ட ஒரு ரகத்தையும், உள்ளூர் விதையில் வளர்ந்த ஒரு கன்றையும் சேர்த்து நட்டால் இரண்டும் காய்க்கும். நட ஏற்ற காலம் குளிர்காலம் முடிந்து மொட்டு வீங்கும் முன். முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் தவறக் கூடாது, மான்கள் வரும் பகுதியாயின் ஐந்தடி உயரக் கம்பி வலையை முதல் நாளே சுற்றிவிட வேண்டும்.